மஞ்சள் பூசிய காளான்

கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் ஆண்களுக்கு, அருணா வீட்டுச் சுவரோரத்து வேப்பமரம்தான் மூத்திரச் சந்து. சொல்லிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். கடைசியில் அடிமரத்தில் விசிறி போல முளைத்திருந்த செங்காவிக் காளானுக்கு மஞ்சள் பூசி, நடுவில் ஒரு பொட்டும் வைத்தாள். மறுநாள் ஒரு பயலும் அந்தப் பக்கம் ஒதுங்கவில்லை. சிப்காட்டிலேயே தான்தான் கெட்டிக்காரி என்று சிரித்துக்கொண்டாள்.

காளான் பெருத்தது. நாகாத்தம்மன் படமெடுத்திருக்கிறாள் என்றார்கள் தெருக்காரர்கள். காலையில் மரத்தடியில் படிந்திருக்கும் காவிப் பொடியைக் குங்குமம் என்று பொட்டலம் கட்டினார்கள். மரத்தைச் சுற்றி மேடை எழும்பியதில் அருணாவின் வாசல் பாதி போயிற்று.

ஐப்பசி மழைக்கு மரம் கூரைப் பக்கம் சாய்வதுபோல் பட்டது. அருணா வேலை செய்யும் மரப்பெட்டி கம்பெனியில் பலகை தரம் பார்ப்பவன் ராபின். அவனை அழைத்து வந்து காட்டினாள். காளானின் வெள்ளை அடிப்பக்கத்தை அவன் நகத்தால் கீறினான். கோடு பழுப்பாக மாறியது.

"யக்கா, இது மரத்தைத் துன்ற காளான். குங்குமம்னு எடுத்துக்கினு போறாங்களே, அது இதோட வெத." அடிமரத்தைத் தட்டினான். தகர டப்பா போலச் சத்தம் வந்தது. "உள்ள மொத்தமும் மக்கிப்போச்சு. காத்தடிச்சா உன் ஊட்டு மேலதான் வுழும்."

அந்தச் சுவருக்குப் பின்னால்தான் அவள் குழந்தை தூங்கும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பூசைக்குக் கூடியிருந்தவர்கள் முன்னால், அதை முன்னின்று நடத்தும் மணியம்மாளிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னாள்: "அத்தே, இது அம்மன் இல்ல. ஆம்பளைங்க ஒண்ணுக்குப் போறாங்கன்னு நான்தான் மஞ்சா பூசினேன். மரம் சொத்த. வெட்டிடலாம்."

மணியம்மாள் அருணாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னாம்மா சொல்ற? இத்தினி பேரு இருக்கசொல்ல, ஆத்தா உன் கையத்தான கேட்டுக்கினா! இனிமே நீதான் பூசை பண்ணணும். இந்த ஊட்ட வுட்டு எங்கயும் போவக் கூடாது." சொல்லிக்கொண்டே காவிப் பொடியை அவள் நெற்றியில் அப்பினாள்.

காற்று எழுந்தது. அடிமரத்துக்குள் எதுவோ மடக்கென்று முறிந்தது.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" என்று யாரோ கத்த, 'ஓம் சக்தி' கோஷம் கிளம்பியது. உள்ளே குழந்தை வீறிட்டது. அருணா வாசலுக்கு ஓடினாள். ஓட விடாமல் தெருவே அவள் காலில் விழுந்து கிடந்தது.