ஒளிக்காமல் ஒளித்த பொத்தான்

இணையப் பக்கம் செய்யும் தொழிலில் பதினாறு வருடம் தேய்ந்தவள் சல்தனத். பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று விதி எழுதும் ஸ்டைல் ஷீட்டில் சிக்கல் என்றால் அவளிடம் போ என்பார்கள் பிஷ்கெக் நகரில் அந்தத் தொழிலில் இருந்தவர்கள். மற்றவர்கள் நூறு வரியில் திணறுவதை அவள் நான்கு வரியில் முடிப்பாள். பெரிய திரையில் நிமிர்ந்து நிற்கும் பக்கம் சின்ன ஃபோனில் சரிந்து விழுந்தால், எந்த விதி எந்த விதியை மிதிக்கிறது என்று ஐந்தே நிமிடத்தில் விரலை வைத்துக் காட்டிவிடுவாள்.

ஆனால் முதலாளி ரிஸ்பெக்குக்கு அவள் 'கலர் அடிக்கிறவள்'. வாடிக்கையாளர் கூட்டங்களில் அப்படிச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். வீடு போய்ச் சேரும் வரை அந்த வார்த்தையையே மென்றுகொண்டிருப்பாள்.

மார்ச் மாதம் ஒரு நாள் அவர் அவள் மேசைக்கு வந்து நின்றார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் இணையப் பக்கத்தை அவர்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலைக் கிராமத்துப் பெண்கள் ஃபோனிலேயே ஒப்பந்தம் போட்டு, பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டு, கிழக்குக் கடலோரத்து மீன் ஆலைக்கு ஆறு மாதம் போவார்கள். மனம் மாறினால் ஐந்து நாளுக்குள் விலகிக்கொள்ளலாம். அதற்கான பொத்தான் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்பது உரிமம் கொடுத்த அலுவலகத்தின் நிபந்தனை.

"அந்தப் பொத்தானாலதான் தலைவலியாம். பத்துல மூணு பேர் விலகிடறாங்களாம்" என்றார் ரிஸ்பெக்.

"அதை எடுக்க முடியாதே, பைகே" என்றாள் சல்தனத். அண்ணா என்பதற்கு அந்த ஊர்ச் சொல்.

"யாரு எடுக்கச் சொன்னா? ஆபீஸ்காரன் பெரிய திரையிலதான் பாப்பான், அங்க இருக்கட்டும். சின்ன ஃபோன்ல மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நிக்கட்டும். ஆனா 'மறை'ன்னு எங்கயும் எழுதக் கூடாது. நாளைக்கு எவனாவது தோண்டிப் பாத்தா ஒண்ணும் சிக்கக் கூடாது." கிளம்பப் போனவர் திரும்பினார். "இது கலர் அடிக்கிற வேலை இல்ல. உன்னால ஆகலன்னா சொல்லிடு, வெளிய ஆள் பாத்துக்கறேன்."

சம்பளம் கூட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் அவள் முடியாது என்றிருப்பாள். கடைசியாகச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

அன்று பிற்பகலே முடித்துவிட்டாள். மூன்று விதிகள், மூன்றும் வெவ்வேறு அடுக்குகளில். பொத்தான்கள் அடங்கிய பெட்டி குறுகலாக இருந்தால் உள்ளே இருப்பவை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கட்டும், விலகல் பொத்தான் கடைசியில் வரட்டும் என்றது முதல் விதி. குறுகலான பெட்டியின் உயரம் திரையைத் தாண்ட வேண்டாம், மிஞ்சுவது வெளியே வழியவும் வேண்டாம் என்றது இரண்டாவது. மூன்றாவது, சின்னத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கியது. வயதானவர்கள் கண்ணுக்கு இதமாக என்று விதியின் ஓரத்தில் குறிப்பும் எழுதினாள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் உத்தம விதிகள். மூன்றும் கூடினால் பொத்தான் பெட்டியின் விளிம்புக்குக் கீழே போய் விழுந்துவிடும்.

தன் பழைய ஃபோனில் திறந்து பார்த்தாள். பொத்தான் இல்லை. ஃபோனைக் குறுக்குவாட்டில் படுக்கவைத்தாள். பெட்டி அகன்றது, விதிகள் மூன்றும் விலகின, பொத்தான் நல்ல பிள்ளையாக வந்து நின்றது. நிமிர்த்தினாள், காணோம். தன்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் ரிஸ்பெக் அவளை 'எங்க என்ஜினியர்' என்றார்.

மே மாதக் கடைசியில் தங்கை சினாரா நாரின் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கூப்பிட்டாள். 'எஜே' என்று அக்காவை அழைக்கும்போதே குரல் உடைந்திருந்தது.

"எஜே, திட்டாதே. மீன் ஆலைக்குப் போக கையெழுத்துப் போட்டுட்டேன். இப்ப இவரு குதிரையிலேர்ந்து விழுந்து இடுப்பு ஒடைஞ்சு கெடக்காரு. எப்படி விட்டுட்டுப் போறது? அஞ்சு நாளுக்குள்ள வேண்டாம்னு சொல்லலாமாம். கம்பெனி ஆபீஸ்ல கேட்டா, எல்லாம் பக்கத்துலயே இருக்கு, நல்லாப் பாருங்கறான். எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா என்ன? நீ இந்தத் தொழில்லதானே இருக்கே, எங்க இருக்குன்னு சொல்லு. இன்னிக்கு அஞ்சாம் நாள்."

சல்தனத் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். எதிரில் இருந்த லாக்மான் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

"ஃபோனைப் படுக்க வச்சுப் பாரு" என்றாள்.

"என்ன?"

"சாய்ச்சுப் பிடிடி."

ஃபோனைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு விம்மல். "இருக்கு, எஜே. இருக்கு! அமுக்கிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் குரல் மெல்ல மாறியது. "ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது? நீ பக்கத்தைத் திறந்துகூடப் பாக்கலியே."

பொய் சொல்லியிருக்கலாம். பத்துப் பொய் நாக்கு நுனியில் வந்து நின்றன.

"நான்தான் செஞ்சேன்" என்றாள்.

சினாரா கத்தவில்லை. "பக்கத்து வீட்டு ஊல்கன் முந்தாநாள் போயிட்டா" என்றாள். "அவ சின்னவனுக்கு மஞ்சக் காமாலை. நாலு நாள் என் வாசல்ல உக்காந்து அந்தப் பொத்தானைத் தேடினா. நானும் கூட உக்காந்து தேடினேன். அவ ஃபோனுதான் பழசுன்னு நெனச்சோம். ரெண்டு புள்ளைங்களும் இப்ப எங்கிட்டதான் இருக்கு. சாய்ச்சுப் பாருன்னு அவளுக்கு யாரு சொல்றது, எஜே?"

லைன் அறுந்தது.

விதிகளை அழித்துவிடத்தான் முதலில் சல்தனத்தின் கை போனது. அழித்தால் சாட்சி போய்விடுமே என்று நிறுத்தினாள். மறுநாள் காலை உரிமம் கொடுத்த அலுவலகத்துக்குப் போய், ஆய்வாளர் துர்சுனிடம் ஃபோனை நிமிர்த்தியும் சாய்த்தும் காட்டினாள். அவர் முகம் சுருங்கியது. வியாழக்கிழமை நேரில் வருகிறேன் என்றார்.

அதற்குள் யாரோ ரிஸ்பெக்கின் காதில் போட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை துர்சுன் வந்தபோது, எவ்வளவு சின்ன ஃபோனிலும் பொத்தான் பளிச்சென்று நின்றது. பழைய பதிவுகளைத் திறந்து காட்டச் சொன்னார் அவர். எந்த வரியை யார் எந்த நாளில் எழுதினார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. மூன்று விதிக்கும் ஒரே பெயர்தான்.

"இவர்தான் செய்யச் சொன்னார்" என்றாள் சல்தனத்.

"எழுத்துல இருக்கா?" என்று கேட்டார் துர்சுன்.

இல்லை. மேசை ஓரத்தில் நின்று வாயால் சொன்னது.

ரிஸ்பெக் கையை விரித்தார். "எனக்கு இந்த ஸ்டைல் ஷீட்டெல்லாம் என்னங்க தெரியும்? இவங்க பெரிய என்ஜினியர். இவங்க எழுதினா நான் பாக்கறதுகூட இல்ல."

'ஊழியர் ஒருவரின் தவறு, சரிசெய்யப்பட்டது' என்று அறிக்கை வந்தது. நிறுவனத்தின் உரிமம் அப்படியே இருந்தது. வேலை போனது சல்தனத்துக்கு மட்டும். ஊல்கனுக்கு எப்போதோ கெடு முடிந்துவிட்டதால் அவளை அழைத்துவர வழியில்லை என்று ஒரு பத்தியில் எழுதியிருந்தார்கள்.

இரண்டு மாதம் வேலை தேடினாள். பெயரைக் கேட்டதும் சிலர் குரலைத் தணித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு இடத்திலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள். பேசியவன் மிகவும் மரியாதைக்காரன்.

"அந்த மூணு விதியும் நீங்க எழுதினதுதானே, எஜே? பிரமாதம். எங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும்."

ஃபோனை வைத்துவிட்டாள். பதினாறு வருடத்தில் அவள் வேலையைப் பிரமாதம் என்று சொன்ன முதல் ஆள் அவன்தான்.

ஆகஸ்டில் தங்கை வீட்டுக்குப் போனாள். ஊல்கனின் பிள்ளைகள் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலாடையில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தன. சின்னவனுக்கு உடம்பு தேறியிருந்தது, கண்ணில் மட்டும் இன்னும் மஞ்சள். "நீங்க எங்கம்மாவோட வேலை செய்யறீங்களா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள்.

சினாரா கெட்டிலைக் கொண்டுவந்தாள். அந்த ஊரில் பிரியமான விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் தேநீர் ஊற்றுவார்கள். திரும்பத் திரும்ப நீட்டட்டும், திரும்பத் திரும்ப ஊற்றுவோம் என்று. சினாரா அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினாள். பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, விளிம்பு தொட்டது. தளும்பத் தளும்ப அதை முன்னால் வைத்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சல்தனத் இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கினாள். விரல் சுட்டது. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுந்து செருப்பைத் தேடினாள்.