விஜயகுமாரியின் இடது கிட்னி

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற தெருவில் பூபாலன் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. அவன் சங்கும் சிப்பியும் விற்கிறான், நான் பாசிமணி. பாதி விலைக்குக் கேட்கிறவனைத் தெருமுனை வரை போகவிட்டுக் கூப்பிடத் தெரிந்தவன் நான். அதனால் எந்தப் பஞ்சாயத்துக்கும் என்னைத்தான் இழுப்பார்கள்.

பூபாலன் மனைவி விஜயகுமாரிக்கு நீர்க்கடுப்பு. செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது கிட்னி அதன் இடத்தில் காணவில்லை, பெரிய ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் என்று எழுதிக்கொடுத்தார்கள். அவள் அதை வாட்ஸப்பில் திருக்கழுக்குன்றத்துப் பக்கம் இருக்கிற அண்ணன் தம்பிக்கு அனுப்பினாள். அவர்கள் முதல் பாதியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, நெல் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார்கள். அண்ணன் கண்ணாயிரம் என் கடை ஸ்டூலையே இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"மாப்ள, எந்தங்கச்சி கிட்னி எங்க?"

"எனக்கு இன்னா மச்சான் தெரியும்?"

"அஞ்சு வருசம் முன்னாடி குடல்வால் ஆப்ரேசன்னு இட்டுகினு போன. அடுத்த மாசமே கடை போட்ட. வித்துட்டியா?"

கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. அப்படிப் பொருந்துகிற கணக்கைத்தான் வியாபாரத்தில் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

"தழும்பு வலப்பக்கம்பா. காணோம்னு சொல்றது இடப்பக்கம்," என்றேன். "கடை, சீட்டு எடுத்துப் போட்டது. சீட்டு நடத்தினவனே நான்தான்."

தம்பி ரமேஷ் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அப்ப உனக்கும் பங்கு கீதா அண்ணாத்த?"



அப்போது கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து விஜயகுமாரி வந்தாள். கையில் துணிப்பை. புருஷனைப் பார்க்காமல் அதை வண்டியில் கொண்டுபோய் வைத்தாள். அதுவரை பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டிருந்த பூபாலன் அத்தோடு நிறுத்திவிட்டான்.

"சரக்கப் பாக்காம சண்ட எதுக்கு?" என்றேன். "பெரிய ஸ்கேனப் பாத்துட்டு அப்புறம் இட்டுகினு போங்க."

செங்கல்பட்டுக்குப் போனோம். அவர்கள் வண்டியில், நானும் பூபாலனும் பைக்கில்.

ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் பிரபாவதி கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். "இதோ இருக்கே. கீழ, மூத்திரப்பை பக்கத்துல."

கண்ணாயிரம் குனிந்து பார்த்தான். "அங்க இன்னாத்துக்கும்மா போச்சு?"

"எங்கயும் போகல. கருவுல எல்லாருக்கும் கிட்னி இடுப்புலதான் உருவாகும், அப்புறம் மேல ஏறும். இவங்களுக்கு வலது ஏறிடுச்சு, இடது ஏறாம அங்கயே தங்கிடுச்சு. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். நல்லா வேலை செய்யுது."

"அப்ப எங்க வூட்லேர்ந்தே இப்டிதான் வந்துச்சா," என்றான் ரமேஷ் மெதுவாக.

"சரக்கு உங்களுதுதான்பா," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் நீர்க்கடுப்புக்கு மாத்திரை எழுதிவிட்டு விஜயகுமாரியிடம் சொன்னார்: "வயித்துல எந்த ஆபரேஷன்னாலும் இத முன்னாடியே சொல்லிடணும். தெரியாதவங்க கட்டின்னு நெனச்சுக் கை வெச்சிடக் கூடாது."

வெளியே வந்து கண்ணாயிரம் மாப்பிள்ளைக்கு டீ சொன்னான். அவன் கேட்கிற மன்னிப்பு அவ்வளவுதான். பூபாலன் டீயைக் குடித்தான். அந்த வழக்கு முடிந்தது.

"ஒரு வார்த்த உன்னக் கேட்டிருக்கணும்," என்றாள் விஜயகுமாரி.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காமயே பையக் கட்டிகினியே."

அவள் வண்டியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்து அவன் எதிரில் நின்றாள்.

"டாக்டரம்மா சொன்னது காதுல வுழுந்துச்சா? நான் மயங்கிக் கெடந்தா, அது கீழ கீதுன்னு யாரு சொல்லுவா? நீதான் சொல்லணும்."

பூபாலன் பைக் சாவியை எடுத்தான். "இடதுதானே?"

"இடது."

பையை வாங்கி டேங்க் மேல் வைத்துக்கொண்டான். அவள் பின்னால் ஏறினாள்.

எனக்குக் குட்டியானைதான் கிடைத்தது. திருக்கழுக்குன்றம் வரைக்கும் கண்ணாயிரம் ஒரு கையால் வண்டியை ஓட்டினான், இன்னொரு கையால் தன் அடிவயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான்.