பூட்டிய கோப்புறைக்குள் பைத்தான்

மதியத்துக்குள் முன்பதிவுப் பக்கம் திறக்காவிட்டால், அக்காவின் பிசியோதெரபி நிலையத்தில் நாளைக்கு ஒருவர்கூட நேரம் குறிக்க முடியாது. தங்கை காலையிலிருந்து சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அதில் இருந்த பைத்தான் நிரல்மொழி பழைய பதிப்பு. அதில் கைவைத்தால் மற்ற பக்கங்கள் படுத்துவிடும். அதனால் புதியதைத் தன் சொந்தக் கோப்புறைக்குள் நிறுவி, அது இருக்கும் முகவரியை, பக்கங்களைத் திறந்து காட்டும் வெப் சர்வர் மென்பொருளின் அமைப்பில் எழுதியிருந்தாள். முன்பதிவு நிரலை அவள் இயக்கினால் ஓடியது. வெப் சர்வர் இயக்கினால் 'அனுமதி இல்லை' என்று அடம்பிடித்தது.

"எனக்கு மட்டும் ஒழுங்கா ஓடுதுக்கா! இதுக்கு என்ன கேடு?"

"உனக்கு ஓடி என்னடி பிரயோஜனம்? வீட்டுலயும் இதே கதைதான். எல்லாத்தையும் உன் ரூமுக்குள்ள கொண்டுபோய் வச்சுக்குவ, யாரையும் உள்ளே விடமாட்ட."

தங்கையின் விரல்கள் அப்படியே நின்றன. வெப் சர்வர் அவள் பெயரில் ஓடுவதில்லை. அதற்கென்று தனிப் பயனர் கணக்கு உண்டு. முகவரி சரிதான். ஆனால் அவள் கோப்புறைக்குள் வேறு எவரும் நுழைய முடியாது. அப்படிப் பூட்டி வைத்ததும் அவளேதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு, பைத்தானைப் பொதுவான இடத்தில் மறுபடி நிறுவி, முகவரியை மாற்றினாள். பக்கம் திறந்தது.

"சாவி கிடைச்சுதா?" என்றாள் அக்கா.

"பேசாத. எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கல," என்று தங்கை திரையை அக்கா பக்கம் திருப்பினாள். யாரோ ஒரு முழங்கால்வலிக்காரர் அதற்குள் நேரம் குறித்திருந்தார்.