கேட்டுக்கு வெளியே அடுப்பு

2019 ஜனவரி 9, புதன்கிழமை. கொரியாவின் காங்வோன் மாகாணம், ஹோங்சோன் நகரின் தென்கோடியில் கார் இருக்கைகள் செய்யும் தொழிற்சாலையின் வாசலில் காலை ஒன்பது மணிக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிகிரி.

வாசலுக்கு வெளியே நடைபாதையில் நீலத் தார்ப்பாய்க் கூடாரம் நின்றது. உள்ளே இருந்தவர்கள் அந்தத் தொழிற்சாலை உணவுக்கூடத்தின் சமையல்காரப் பெண்கள். நவம்பரில் நிர்வாகம் சமையலறையை வெளி ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டு இவர்களை வேலையிலிருந்து நிறுத்தியது. அன்று முதல் கூடாரத்தில்தான் இருக்கிறார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் வரும் சந்திரப் புத்தாண்டுக்குள் குளிரே இவர்களை வீட்டுக்கு விரட்டிவிடும் என்று நிர்வாக அதிகாரி யோம் சொன்னதாக உள்ளேயிருந்து செய்தி வந்திருந்தது. தலைமைச் சமையல்காரி குவாக் மியோங்ஜாவுக்கு அந்தப் பேச்சு தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

அதற்குப் பதிலடியாகத்தான் அன்றைய விருந்து. பன்றியின் வயிற்றிறைச்சியை வாசலிலேயே சுட்டு, மதிய மணி அடித்ததும் வெளியே வரும் தொழிலாளர்களுக்குப் பரிமாறுவதாக ஏற்பாடு. அவர்கள் ஒப்பந்தக்காரர் சோற்றைத் தட்டிவிட்டு இங்கே வந்தால், சமையலறை யாருக்குச் சேர வேண்டும் என்ற பேச்சை நிர்வாகம் மறுபடி எடுத்தாக வேண்டும். அடுப்பே எரியவில்லை என்றால் யோம் சொன்னதுதான் சரி என்றாகிவிடும்.

அடுப்பு எரியவில்லை. சியோலிலிருந்து வந்த ஆதரவாளர்கள் மேசை அடுப்புகளையும் ஒரு பெட்டி நிறைய ப்யூட்டேன் வாயுக் குப்பிகளையும் அன்பாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கோடையில் ஆற்றங்கரைக்கு எடுத்துப்போகிற மலிவுக் குப்பிகள் அவை. குலுக்கினால் உள்ளே திரவம் சலசலத்தது. ஆனால் அந்தக் குளிரில் அது ஆவியாக மறுத்தது. சுடர் நீல நூலாக எழுந்து அப்படியே அணைந்தது. இறைச்சி கல்லில் வெளுத்துக் கிடந்தது.

தாக் சுனிம், கூடாரத்தில் இருந்தவர்களில் இளையவள், ஒரு குப்பியை ஜாக்கெட்டுக்குள் அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தாள். சூடேறியதும் மாட்டினாள். இரண்டு துண்டு வேகும் நேரம் எரிந்தது. அது எரிய எரியக் குப்பியே இன்னும் குளிர்ந்து வெள்ளையாகப் பனி பூத்தது.

"அக்கா, ரெண்டு அடுப்பையும் ஒட்டி வெச்சு பெரிய கல்லப் போட்டா என்ன? கல்லுச் சூடு குப்பிக்கும் போகும்ல" என்றாள் சுனிம்.

"போகும். குப்பி வெடிச்சு நம்ம மூஞ்சியும் போகும். போன வருஷம் ஆத்துல மீன் பிடிக்கப் போன உன் மாமன் புருவத்துக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?" என்றாள் மியோங்ஜா.

"அதுக்கப்புறம்தான் அவரு பாக்க கொஞ்சம் நல்லா இருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். மியோங்ஜா சிரிக்கவில்லை. கைவண்டியை இழுத்துக்கொண்டு கேஸ் கடைக்குப் புறப்பட்டாள். சமையலறை வெள்ளை மேலங்கியை ஜாக்கெட்டுக்கு மேலே போட்டிருந்தாள். காலில் சமையலறையில் போட்ட அதே ரப்பர் பூட்ஸ்.

கேஸ் கடை பாங், தொழிற்சாலைக்கு வருஷக்கணக்காகப் புரோப்பேன் சிலிண்டர் போடுகிறவர். அவளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. இங்கே கொடுத்தால் அங்கே வியாபாரம் போய்விடும், உனக்கு எல்லாம் தெரியுமே என்று மென்று முழுங்கினார். அவள் உட்காரவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

"உங்க சிலிண்டர இந்தக் கையாலதான் மாட்டிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு மட்டும் அது கனமாயிடுமா?"

பாங் சுவரைப் பார்த்தார். "நான் வண்டி அனுப்ப முடியாது. நீயா எடுத்துட்டுப் போனா நான் பாக்கல." சிலிண்டர்கள் இருந்த கம்பிக்கூண்டைத் திறந்துவிட்டு, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாம்பல்நிறச் சிலிண்டரையும் குழாயோடு ஒரு இரும்பு அடுப்பையும் கட்டி ஏற்றிக்கொண்டு அவள் கடைத்தெரு நடுவிலேயே வந்தாள். பின்பக்கமாக ஒரு சந்து இருந்தது. அதில் போகவில்லை.

குழாயை இறுக்கி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்துத் திறந்தாள். புரோப்பேனுக்கு இந்தக் குளிர் ஒரு பொருட்டில்லை. சுடர் வட்டமாக உறுமியது. கல் சூடேறியதும் இறைச்சி சத்தம் போட ஆரம்பித்தது. அந்தக் கொழுப்பிலேயே சுனிம் கிம்ச்சியைப் பரப்பினாள். வாசனை கேட்டைத் தாண்டிப் போனது.

மதிய மணி அடித்தது. தொழிலாளர்கள் கேட்டுக்கு உள்ளே கூட்டமாக வந்து நின்றார்கள். யாரும் கேட்டைத் தாண்டவில்லை. யோம் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.

"இங்க நெருப்பு மூட்டக் கூடாது. இந்த சிலிண்டரக் கொண்டுவந்தது யாரு?"

"நான்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் உங்க தரை. இது நடைபாதை. பேரு வேணும்னா எழுதிக்கோங்க. குவாக் மியோங்ஜா."

சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலால் இறைச்சியை வெட்டினாள். முட்டைக்கோஸ் இலை ஒன்றை உள்ளங்கையில் விரித்து, துண்டு வைத்து, பூண்டும் சோயா விழுதும் வைத்து மடித்தாள். நேராகப் போய் அதை யோமின் வாய்க்கு எதிரே நீட்டினாள். ஒருவர் கையால் மடித்து வாய்க்கு நேரே நீட்டிய கவளத்தை அந்த ஊரில் யாரும் தள்ளுவதில்லை. தின்றால், வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்களின் கையால் எல்லோர் முன்னாலும் தின்றதாகும்.

"சாப்பிடுங்க ஐயா. ஆறிடப் போகுது."

யோம் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது.

தையல் பிரிவின் கில், ஓய்வுக்கு நெருங்கியவர், யோமைச் சுற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டி வந்தார்.

"கை வலிக்கப் போகுது தங்கச்சி. இங்க குடு." குனிந்து வாயைத் திறந்தார். மென்றபடியே பின்னால் திரும்பினார். "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எல்லாத்தையும் நானே தின்னுடுவேன்."

பிறகு கேட்டில் நெரிசல். கத்தரிக்கோல் போதாமல் பக்கத்து நூடுல்ஸ் கடையில் கடன் வாங்கினார்கள். யோம் அவள் பெயரை எழுதிக்கொண்டே உள்ளே போனார். ஒப்பந்தக்காரரின் சோறு அண்டாவிலேயே இருந்தது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அதே கதைதான்.

பிப்ரவரி கடைசியில் ஒப்பந்தக்காரர் விலகிக்கொண்டார். சமையல்காரப் பெண்கள் எல்லோரையும் நிர்வாகம் மறுபடி வேலைக்கு எடுத்தது, மியோங்ஜாவைத் தவிர. கேஸ் கடை பாங் தொழிற்சாலை ஒப்பந்தத்தை இழந்தார். மியோங்ஜா மார்ச் மாதம் தொழிற்சாலை வாசலுக்கு எதிர்ப்பக்கத்தில் இறைச்சி சுட்டுப் பரிமாறும் கடை திறந்தாள்.