முள்புழுவைப் பற்றி அக்காவிடம் எப்படிச் சொல்வது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்கப் போன இடத்தில் பிறந்தது. நான் எழுத நினைத்தது வேறு. பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்கா பூச்சிகளை விருந்துக்கு அழைக்கிறாள் என்று ஒரு சிரிப்புக் கதை. அக்கா தையல்காரி. முன்னறையில் மெஷின், பின்பக்கம் தோட்டம், தோட்டத்துக்கும் என் ஜன்னலுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்.

தோட்டத்தில் அவரைப் பந்தல். பந்தலில் காயைவிட அசுவினி அதிகம். தளிரெல்லாம் பச்சைப் பேன் அப்பிக் கிடக்கும். மருந்தடித்தால் ஒரே நாளில் போய்விடும், ஆனால் அக்கா அடிக்க மாட்டாள். மருந்து நல்லவன் கெட்டவன் பார்க்காது என்பது அவள் கட்சி. அசுவினியைத் தின்னப் பொறிவண்டு தானாக வரும், நாம் வரவேற்றால் போதும் என்கிறாள். அதற்காகக் கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டாள். தேனீக்கள் மூழ்கிவிடாமல் நின்று குடிக்கட்டும் என்று தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் வைத்தாள். உடைந்த பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்தாள், அதில் ஒரு தேரை குடியேறியது.

அத்தான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒரு பழைய வேன் வாங்கியிருக்கிறார். அதை நிறுத்த, தோட்டத்துக்குச் சிமெண்ட் போட வேண்டும் என்றார். பேச்சு முற்றி, கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. தெருக்கோடி வீட்டில் வேலை செய்யும் கொத்தனார் அதை முடித்துவிட்டு இங்கே வருவதற்குள் பந்தல் சுத்தமானால் தோட்டம் அக்காவுக்கு. இல்லையென்றால் வேனுக்கு.

[இதுவரை எல்லாம் ஒழுங்கு. இனிமேல்தான் சிக்கல்.]

"பொறிவண்டின் குஞ்சுகள் குட்டிக் குட்டி வண்டுகளாகத் தவழ்ந்தன" என்று என் கதையில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். எதையும் சரிபார்க்காமல் எழுதுகிற பழக்கம் எனக்கில்லை. நூலகத்துக்குப் போய்ப் பூச்சிப் படப்புத்தகத்தைப் புரட்டினேன். பொறிவண்டின் பிள்ளை வண்டு மாதிரியே இல்லை. கறுப்பாக, நீளமாக, முதுகெல்லாம் முள்ளும் ஆரஞ்சுத் திட்டுமாக, நகத்தளவில் ஒரு முதலை. அசுவினியை அள்ளி அள்ளித் தின்னுமாம்.

அந்த முதலையை எனக்குத் தெரியும். ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோக்கும் சின்ன இடுக்கியால் அக்கா தினமும் காலையில் பந்தலிலிருந்து பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவது அதைத்தான்.

2

ஆரம்பங்கள்.

(அ) "பொருள்: அவரைப் பந்தலில் காணப்படும் முள்புழு தொடர்பாக. அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய அவா. மேற்படி புழுவானது தாங்கள் எதிர்பார்த்திருக்கும்..."

நிறுத்திவிட்டேன். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் இப்படித்தான் எழுதுவேன். பொருள் எழுதாத கடிதத்துக்குப் பாதி மதிப்பெண்தான் என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள். ஆனால் கூடப்பிறந்தவளுக்கு 'மேற்படி' போட்டால், அந்தக் காகிதத்தை வைத்துச் சட்டைக் காலர் வெட்டிவிடுவாள்.

(ஆ) "ஓர் ஊரில் ஒரு தாய் வண்டு இருந்தது. அது தன் பிள்ளைகளை ஒரு நல்ல வீட்டில் விட்டுவிட்டு..."

இது அழவைக்கும். வேண்டாம்.

(இ) "அன்று காலையும் அவள் கொலைக்கருவியோடு..."

இதை அடித்ததோடு நிற்காமல் காகிதத்தையும் கிழித்தேன்.*

* நீங்கள் கேட்கலாம்: இடுப்பளவுச் சுவர்தானே, எட்டிச் சொன்னால் என்ன? சொல்லலாம். ஆரம்பம் சரியாக வரட்டும் என்று பார்க்கிறேன். இந்த அடிக்குறிப்பை எழுதும்போதுகூட அந்தப் பக்கம் 'பிளக்' என்று ஒரு சத்தம். சோப்புத் தண்ணீர்தான்.

3

ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம். கதைக்கு வில்லன் தேவை என்று அத்தானைப் போட்டேன். மனிதர் அதில் நிற்க மாட்டேன் என்கிறார். சிமெண்ட் கேட்கிறவர், தினமும் காலையில் அக்காவுக்குக் கிண்ணம் ஏந்திக்கொண்டு நிற்கிறார். தேரைக்குக் 'கண்டக்டர்' என்று பேர் வைத்தவரும் அவர்தான்.

"ஏங்க, கிண்ணத்த நேரா புடிங்க. கொட்டுது."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டின கைடி இது."

"அதான் தெரியுதே. குலுங்குது."

"அங்க பாரு, இலைக்கு அடியில ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான். விடாத!"

"உங்களுக்கு என்ன இவ்வளவு அக்கறை? பந்தல் போனா வேனுக்கு எடம்தானே?"

"ஜெயிச்சா நேர்மையா ஜெயிக்கணும். நீ தோத்துட்டு வருஷம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா, அந்த வீட்டுல நான் எப்படிக் குடித்தனம் பண்றது?"

[இவரை வைத்துக்கொண்டு எப்படி வில்லத்தனம் எழுதுவது? புருஷனும் பெண்டாட்டியும் ஒற்றுமையாக, நேர்மையாக, பொறிவண்டின் வம்சத்தையே கருவறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.]

4

நான்காவது ஆரம்பம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. "வரவேற்பு என்றால் என்ன? நமக்குத் தெரிந்த முகத்தோடு வருகிறவரைத்தான் விருந்தாளி என்கிறோம். வேறு முகத்தோடு வந்தால்..."

"என்னடா, இன்னும் அந்தக் கதைதானா?" ஜன்னலுக்கு வெளியே அக்கா. பின்னால் கிண்ணத்தோடு அத்தான்.

"ஆமாக்கா. ஆரம்பம் சரியா வரல."

"எனக்கு முடிவே வந்துருச்சு. கொத்தனார் அங்க பூச்சு வேலைய முடிச்சுட்டாராம், இன்னிக்கு அளவெடுக்க வர்றாரு. மொத்தமே ஒரு வண்டுதான்டா வந்துச்சு. அதுவும் பந்தல் பூரா சுத்திப் பாத்துட்டு, சொல்லாம கொள்ளாம போயிடுச்சு. என்ன குறை வச்சேன்னே தெரியல."

மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அது. அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"மெஷின விட்டு எந்திரிச்சா, போய் நிக்க எனக்குன்னு இருக்கிறது இந்த எடம் ஒண்ணுதான்" என்றாள். அப்போதே இலைமேல் ஒரு முள்புழு அவள் கண்ணில் பட்டுவிட்டது. "பாரு, நல்லது எதுவும் வராது, இந்தச் சனியன் மட்டும் வந்துரும்." இடுக்கியை நீட்டினாள்.

பொருள் இல்லை, நலமறிய அவா இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "அக்கா, விடு! அது பொறிவண்டோட புள்ள!"

இடுக்கி அந்தரத்தில் நின்றது.

"எது?"

"அதுதான். அந்த முள்ளு முதலை. வந்த வண்டு சும்மா போகலக்கா, முட்டை வச்சுட்டுத்தான் போயிருக்கு. பேனைத் திங்கறதே இதுங்கதான்."

அக்கா இலையைப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கிண்ணத்தைப் பார்த்தாள். அத்தான் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"போன வாரம்."

"போன வாரமா! ஒரு வார்த்த சொல்ல என்ன கேடு உனக்கு?"

"நாலு ஆரம்பம் எழுதிப் பார்த்தேன்க்கா."

"நீ உக்காந்து ஒவ்வொண்ணா ஆரம்பிச்சிருக்க, நான் இங்க ஒவ்வொண்ணா முடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!"

5

முடிவுகள்.

ஒன்று: எஞ்சிய ஒரே புழு பந்தல் முழுவதையும் சுத்தம் செய்கிறது. [ஒரு வயிறு, ஒரு பந்தல் அசுவினி. கணக்கு உதைக்கிறது.]

இரண்டு: கொத்தனாருக்குக் காய்ச்சல். [பாவம், அவர் என்ன செய்தார்?]

மூன்று: அத்தான் மனம்...

"எழுதினது போதும், இறங்கி வாடா!"

சுவரைத் தாண்டிக் குதித்தேன். மூன்று பேரும் மண்டியிட்டு இலை இலையாகப் புரட்டினோம். அக்கா ஒவ்வொரு இலையிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனாள். அத்தான் அடிக்கொடிப் பக்கம் தவழ்ந்துபோனார். பிறகு அவர்தான் முதலில் கத்தினார்.

"இங்க வா! அடிக்கொடியில பாரு, ஒரு குடும்பமே டிக்கெட் எடுக்காம ஏறியிருக்கு!"

நின்றபடியே பிடுங்கியதில் கண்ணுக்குத் தப்பியவை. ஒரே இலையில் ஏழெட்டு முள்புழுக்கள். அத்தான் அந்த இலையைக் காம்போடு கிள்ளி உள்ளங்கையில் ஏந்தினார். "மேலதான் பேன் ஜாஸ்தி. கொண்டுபோய் விடுறேன்" என்று எழுந்தார். ஒரு புழு இலையை விட்டு இறங்கி அவர் கட்டைவிரலில் ஏறியது.

"ஏய், இது என் மேல ஏறுது. என்ன பண்றது?"

"ஆடாம நில்லுங்க!"

அப்போது யாரோ கேட்டைத் தட்டினார்கள்.

"சார், அளவு எடுத்துரலாமா?" கொத்தனார்.

ஒப்பந்தப்படி பந்தல் சுத்தமில்லை. அது மூன்று பேருக்கும் தெரியும். அக்கா அத்தானின் முகத்தைப் பார்த்தாள். அத்தான் கட்டைவிரலைப் பார்த்தார்.

6

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. நான் எழுத உட்கார்ந்தால் ஆரம்பம் சரியாக வருவதற்குள் சிமெண்ட் காய்ந்துவிடும். என்னை நம்பாதீர்கள்.

எங்கள் மூன்று பேருக்கும் கை ஓயவில்லை. இங்கே சும்மா நிற்பது நீங்கள் ஒருவர்தான். கேட்டைப் போய்த் திறங்கள். கொத்தனாரிடம் என்ன சொல்வீர்களோ, உங்கள் பாடு. கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், அத்தான் கையில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.