பேட்டரிக்கு நேராக ஒரு வயர்

என் மகள் மோட்டார் சைக்கிளில் பதினோரு நாள் தனியாகச் சுற்றப் போகிறாள் என்று தெரிந்ததும் என் அண்ணன் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ராத்திரியெல்லாம் எங்கடா தங்குவா?"

முப்பத்திரண்டு ஆண்டுகள் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். கேள்வி கேட்டுத்தான் பழக்கம்; பதில் இல்லாமல் நின்று பழக்கமில்லை. எங்கள் குடும்பத்தை இதுவரை யாரும் விரல் நீட்டிப் பேசியதும் இல்லை. மகளுக்கு முப்பத்து நான்கு வயது. கால் உடைந்தவர்களை மறுபடி நடக்கப் பழக்கும் உத்தியோகம். போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பாள் என்பது வேறு விஷயம். "வழிகாட்டுற ஜிபிஎஸ்ஸ நான் வாங்கித் தரேன்" என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். வழி பார்க்க செல்போனே போதாதா என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

"வெயில்ல சூடாகி நடுரோட்டுல கண்ண மூடிக்கும் சார். கையுறையோட தொட்டா மதிக்காது. வண்டி அதிர்ற அதிர்வுல கேமராவும் காலி."

இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார். பெரியது ஸ்பீடோமீட்டரை மறைத்ததால் மகள் அதை ஒதுக்கிவிட்டாள். மற்றது உள்ளங்கை அகலம். சிக்னல் இல்லாத இடத்திலும் அதன் வரைபடம் வேலை செய்யும். உள்ளே சிம் போட்டால், வண்டி எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

"வண்டி திருடு போனா உதவும்ல?" என்றாள் மகள். நானும் தலையாட்டினேன். திருடனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

மெக்கானிக் ஹேண்டில்பாரில் கிளாம்பை முறுக்கிக் கருவியை மாட்டினார். ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, வயர் இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டார். மகள் வண்டியில் மாட்டும் பக்கப் பெட்டிகளைப் பார்க்க உள்ளே போனாள். நான் அவரை நெருங்கினேன்.

"சாவிய அணைச்சா இதுவும் அணைஞ்சிடுமா?"

"ஆமா சார்."

"வேணாம். நேரா பேட்டரிக்குக் குடுத்துடுங்க. எப்பவும் ஓடட்டும்."

"நின்ன வண்டி ராத்திரியில யாருக்கு சார் வழி காட்டணும்?"

"சொன்னதச் செய்யுங்க."

"செய்யறேன். ரெண்டு ராத்திரி தாங்கினாலே பெருசு. மூணாம் நாள் காலையில பேட்டரி செத்துக் கிடக்கும். ஆளில்லாத ரோட்டுல மேடம் இவ்ளோ பெரிய வண்டியத் தள்ளுவாங்க. பரவாயில்லையா?"

அந்த மனிதருக்கு மெதுவாகப் பேசவே வராது.

"யாரு வண்டியத் தள்ளப் போறா?" மகள் பின்னால் நின்றாள். மெக்கானிக் உடனே கீழே குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

டிக்கெட் இல்லாதவன் முதலில் செய்வது, காலியென்று தெரிந்த பையையே மறுபடி துழாவுவது. என் கை சட்டைப் பைக்குள் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். வெளியே எடுத்தேன்.

"ராத்திரி நீ எங்க தங்குறேன்னு பாக்கணும்னு நான்தான் பேட்டரிக்கு நேரா குடுக்கச் சொன்னேன்."

"பெரியப்பாகிட்ட சொல்றதுக்கா?"

"ஆமா" என்றேன். "எனக்கும்தான்."

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானப்பா?"

"கேட்டு, நீ சொல்லமாட்டேன்னுட்டா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"இப்ப இருக்கற எடத்துலயேதான் சார்" என்றது கீழேயிருந்து ஒரு குரல். மகள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

"சரி, இப்பக் கேளுங்க" என்றாள்.

முன்பின் தெரியாத ஒருவர் எதிரில், சொந்த மகளிடம். கேட்டேன்.

"ராத்திரியில எங்கம்மா தங்குவ?"

"தெரியலப்பா. எங்க இருட்டுதோ அங்க."

ஏதாவது ஒரு விடுதியின் பெயரைச் சொல்லி அவள் என் வாயை அடைத்திருக்கலாம். அண்ணனுக்கும் அது போதும். எத்தனை ஆயிரம் முகங்களைப் பார்த்தவன் நான். இந்த முகத்தில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அண்ணன் கேட்டால், தெரியாது என்றுதான் இனி நானும் சொல்ல வேண்டியிருக்கும். அதை அவர் நான்கு வீட்டில் சொல்லுவார்.

"சாவியோடயே அணையட்டும்" என்றேன் மெக்கானிக்கிடம்.

அவர் எழுந்து, வயரைச் சாவியோடு அணையும் இணைப்பிலேயே கொடுத்தார். "மேடம், ஏறி உக்காருங்க. திரை உங்க கண்ணுக்கு நேரா வரணும். சார், வண்டிய கொஞ்சம் நிமித்திப் பிடிங்க."

பிடித்தேன். நான் நினைத்ததைவிடக் கனமான வண்டி.