முப்பத்திரண்டு அங்குல மார்பு

அந்தக் கருவியை முதன்முதலாகப் பார்த்தபோதே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தேக்குச் சட்டம். மேலே இரண்டு கப்பி, கீழே இரண்டு கப்பி, அவற்றில் ஓடும் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஏறி இறங்கும் இரும்பு எடைகள். நடுவில் மார்பை விரிக்க ஸ்பிரிங்குகள். அடியில், படகு வலிப்பவன் உட்காருவதுபோல உட்கார்ந்து முன்னும் பின்னும் ஓட ஒரு பலகை. மனிதனின் கை, கால், முதுகு, வயிறு எதையும் பாக்கி வைக்காமல் வதைப்பதற்கென்றே வெள்ளைக்காரன் உட்கார்ந்து யோசித்துச் செய்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் சீமைக்கு மூட்டை கட்டிய ஒரு வெள்ளைக்காரக் கர்னல் வீட்டு ஏலத்தில் அப்பா அதைப் பிடித்து, மாட்டு வண்டியில் ஏற்றி மல்லேஸ்வரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். கர்னலின் பல வருஷத்து வியர்வை கைப்பிடித் தோலில் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. அதன் நாற்றம் வண்டிக்கு முன்னால் வந்து சேர்ந்தது என்றால் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான் மிகை.

1954-ஆம் வருஷம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. காட்டிலாகாவில் ரேஞ்சர் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தேன். எழுத்துப் பரீட்சையில் மூன்றாவது இடம். பாக்கி இருந்தது வைத்தியப் பரிசோதனை மட்டும். மார்பு முப்பத்திரண்டு அங்குலம் இருக்க வேண்டும். மூச்சை இழுத்தால் இன்னும் இரண்டு அங்குலம் விரிய வேண்டும். எனக்கு இருபத்தொன்பதரை. உயிர் போகிற மாதிரி மூச்சை இழுத்தால் முப்பது. அளவெடுத்த தையற்காரர் கிருஷ்ணப்பா என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, "கொஞ்சம் லூஸாவே தெக்கறேன் சாமி, உள்ள ரெண்டு பனியன் போட்டுக்குங்க" என்றார். பரிசோதனைக்கு மூன்று மாதம் இருந்தது.

கருவியோடு கூடவே, வண்டிக்குப் பின்னால் நடந்து ஒரு மனிதரும் வந்தார். பெயர் முனிகிருஷ்ணன், மர்பி டவுன் சேரிக்காரர். வயது நாற்பத்தைந்து இருக்கும். பட்டாளத்து உடற்பயிற்சிக் கூடத்தில் சிப்பாய்களுக்குப் பழக்கிக்கொடுத்தவர். வெள்ளைக்காரப் பட்டாளம் போனபிறகு கர்னல் வீட்டில் இந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டார். கர்னலும் கிளம்பியதால் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மூட்டை தூக்க வேண்டிய நிலை. எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை 'அவன்' என்றுதான் சொன்னோம். இப்போது நான் 'அவர்' என்று எழுதுவது பெரிய பிராயச்சித்தம் ஒன்றும் இல்லை.

அப்பா, மைசூர் சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தேசிகன் என்றால் மல்லேஸ்வரத்தில் தெரியும். ஒரு பள்ளிக்கூடத்துக் கமிட்டிக்கு அவர்தான் காரியதரிசி. அங்கே டிரில் வாத்தியாருக்கு உதவியாக ஓர் ஆள் தேவைப்பட்டது. வாசலில் நிற்கவைத்தே அப்பா பேச்சை முடித்தார்.

"எம் பிள்ளைக்கு மூணு மாசத்துல முப்பத்திரண்டு வரணும். வந்துதுன்னா ஸ்கூல் வேலை உனக்குத்தான். பர்மனென்ட் போஸ்ட். புரிஞ்சுதா?"

"வந்துரும் சாமி" என்றார் முனிகிருஷ்ணன். "எங்கூட்ல மூணு பொண்ணுங்க. வராம விடமாட்டேன்."

இப்படியாக அந்த மனிதரின் ஜீவனம் என் விலா எலும்புகளின்மேல் வந்து உட்கார்ந்தது.

அடுத்தது அம்மாவின் முறை. "தோலாவது! ஆத்துக்குள்ள வரப்படாது" என்று தீர்ப்புச் சொன்னாள். கருவி கொல்லைப்புறத்து விறகுக் கொட்டகைக்குப் போனது. கைப்பிடித் தோலை உரித்தெறிந்துவிட்டு, அந்த இடத்தில் தன் பழைய மடிப்பட்டுப் புடவையைக் கிழித்துச் சுற்றச் சொன்னாள். பட்டுக்குத் தோஷம் கிடையாதாம். ஓடும் பலகையின் தோல் மெத்தைக்குப் பதில் அப்பாவின் மான்தோல் வந்தது. மாட்டுத்தோல் தீட்டு, மான்தோல் புனிதம். செத்தது இரண்டும்தான் என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் நான் சொல்லாமல் விட்டவை நிறைய.

முனிகிருஷ்ணனுக்கும் விதிகள் உண்டு. பக்கத்துச் சந்து வழியாக வர வேண்டும். என்னைத் தொடக் கூடாது. மூன்றடி தள்ளி நின்று ஒரு மூங்கில் குச்சியால் காட்டலாம், குச்சியும் மேலே படக் கூடாது. உடம்பைப் பழக்குகிறவனிடம் உடம்பைத் தொடாதே என்று சொல்வது, சமையற்காரனிடம் அடுப்பைத் தொடாதே என்று சொல்வது போல. ஆனாலும் அவர் தலையாட்டினார். வேலை வேண்டுமே.

முதல் மாதம் முழுக்க எனக்கு அருவருப்பைத் தவிர வேறொன்றும் விளையவில்லை. காலை ஐந்தரைக்கு அந்தக் கொட்டகை. கப்பிக்குப் போட்ட விளக்கெண்ணெய் வாடை, ஈர விறகு வாடை, என் வியர்வையில் நனைந்த மான்தோல் வாடை. கயிற்றை இழுத்தால் எடை ஏறும், விட்டால் இறங்கும்; இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும். இதைப் பார்க்க அப்பா ஊரையே கூட்டிக்கொண்டு வந்தார். பூங்கா பெஞ்சில் அப்பாவோடு கூடும் 'பெஞ்ச் கிளப்' கிழவர்கள் கையில் காப்பி டம்ளரோடு நின்று, சட்டையில்லாத என் மார்பைச் சந்தையில் மாடு பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். "எவ்ளோ வந்திருக்கு?" என்று கேட்டார்கள். ஒன்றும் வரவில்லை. கால் அங்குலம், அதுவும் டேப்பைத் தளர்த்திப் பிடித்தால்.

"சாமி, நீங்க கையால இழுக்குறீங்க. முதுகால இழுக்கணும்" என்று மூன்றடி தள்ளி நின்று முனிகிருஷ்ணன் மன்றாடினார். முதுகால் எப்படி இழுப்பது? என் முதுகு எனக்குத் தெரியுமா? அவர் குச்சியைக் காற்றில் ஆட்டி ஆட்டிக் காட்டுவார். நான் புரிந்ததுபோலத் தலையாட்டுவேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் டேப்பில் எண்ணைப் பார்க்கும்போது அவர் முகம் என் முகத்தைவிட அதிகமாகச் சுருங்கும்.

ஐந்தாவது வாரத்தில் பட்டு தன் புத்தியைக் காட்டியது. வியர்வைக் கைக்குப் பட்டு நிற்குமா? முப்பது ராத்தல் எடையை இழுத்து நிறுத்தியிருந்தபோது கைப்பிடி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. எடைகள் தடதடவென்று இறங்கின. நான் பின்பக்கமாகச் சாய்ந்தேன். பின்னால் விறகு பிளக்கும் கோடாலி சாத்தியிருந்தது. முனிகிருஷ்ணன் ஒரே தாவில் வந்து என் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

பிடித்தவர் உடனே நெருப்பைத் தொட்டதுபோல விட்டுவிட்டு மூன்றடி ஓடினார். "தப்பு சாமி, தப்பு" என்றார். என்னைக் காப்பாற்றியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் கொல்லைக் கதவைப் பார்த்தேன். யாரும் இல்லை. அப்போது எனக்குத் தோன்றியது பெருந்தன்மை ஒன்றும் அல்ல, வெறும் கணக்கு. எப்படியும் பயிற்சி முடிந்ததும் குளிக்கத்தானே போகிறேன்? "தொட்டது தொட்டாச்சு" என்றேன். "முதுகால எப்படி இழுக்கறதுன்னு காட்டும்."

அன்றுமுதல் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டோம். காற்று பட்டால் சளி பிடிக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன். அவர் தன் உள்ளங்கையை என் தோள்பட்டைகளுக்கு நடுவில் வைத்து, "இங்க, இங்க, என் கைய நசுக்குங்க" என்பார். நசுக்குவேன். விலாவில் இரண்டு பக்கமும் கை வைத்து, "மூச்சு இங்க வந்து என் கைய தள்ளணும்" என்பார். தள்ளுவேன். மரத்தைப்போல காய்ப்புக் காய்த்த கை. முதல் நாள் அது மேலே பட்டபோது என் தோல் கூசியது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்தில் அந்தக் கை இல்லாமல் எனக்கு மூச்சே சரியாக வரவில்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை டேப் நகர்ந்தது. முப்பது. முப்பத்தொன்று. முப்பத்தொன்றரை.

பரிசோதனை அன்று டாக்டர் அளந்து முப்பத்திரண்டரை என்றார். மூச்சை இழுத்தேன். முப்பத்தைந்து. விலாவில் இல்லாத கையைத்தான் தள்ளினேன்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றுவதாக, ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியர் சுந்தரராமனையே வீட்டுக்கு அழைத்துவந்தார். முனிகிருஷ்ணனையும் வரச்சொல்லியிருந்தார். அவர் வெளுத்த காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி உடுத்தி வந்திருந்தார். கொட்டகையில் நாங்கள் நால்வர். கொல்லைக் கதவில் அம்மா.

சுந்தரராமன் நல்ல மனிதர். கருவியைச் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இவர் எப்படிச் சொல்லிக்குடுத்தார்?"

"எல்லாம் தள்ளி நின்னு குச்சியாலதான்" என்றார் அப்பா, மார்பை நிமிர்த்திக்கொண்டு. "எங்காத்து ஆசாரம் ஒரு நாள் கெடலை."

சுந்தரராமன் முகத்தைச் சுளித்தார். "அப்படின்னா சரிப்படாதே ஸ்வாமி. என் பசங்களைக் கையைக் காலைப் பிடிச்சுத் திருத்தணும். எங்க எலும்பு, எங்க சதைன்னு கைக்குத் தெரிஞ்ச ஆளைத்தான் தேடிண்டிருக்கேன். அவர் எந்த ஜாதியானா எனக்கென்ன?" என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு ரங்கா. உன்னைத் தொட்டுத் திருத்தினதே இல்லையா?"

இதைவிடச் சுலபமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை. மூன்று பெண்களைப் பெற்ற ஒருவருக்கு நிரந்தர வேலை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள். பிராயச்சித்தம் என்பாள். அவ்வளவுதான் செய்வாள், உயிரையா எடுக்கப்போகிறாள்?

"இல்லை சார். தொட்டதே இல்லை" என்றேன்.

முனிகிருஷ்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விலாவைப் பார்த்தார்.

"அப்போ எல்லாம் இந்த மெஷினோட சாமர்த்தியம்தான்" என்றார் சுந்தரராமன், பலகையைத் தட்டி. "நீங்க மனசு வெச்சா இதையே ஸ்கூலுக்குக் குடுத்துடலாமே ஸ்வாமி." அப்பா அந்த இடத்திலேயே தானம் செய்துவிட்டார்; வேலைப் பேச்சு அத்தோடு நின்றது. பித்தளைத் தகட்டில் தன் பெயரைப் பொறித்து அதில் பதிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

முப்பத்திரண்டரை அங்குலம் இருக்கிறதே, அதில் எத்தனை அங்குலம் என்னுடையது? காட்டில் பத்து வருஷமாகச் சட்டையைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் இந்த மார்பைப் பார்த்து எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது. கர்னலின் வியர்வைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டவன் நான்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்து வண்டி வந்தது. சட்டத்தைக் கழற்றத் தெரிந்தவர் முனிகிருஷ்ணன் ஒருவர்தான் என்பதால் அவரையே கூப்பிட்டிருந்தார்கள். எடைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கோலில் அடுக்கினார். தேக்குச் சட்டத்தைத் தனியாகத் தூக்க முடியாமல் ஒரு முனையை வண்டியில் சாய்த்து மூச்சு வாங்கினார். நான் ஓடிப்போய் மறுமுனையில், அவர் கைக்குப் பக்கத்தில், கையை வைத்தேன்.

"வேணாம் சாமி" என்றார், கோபமே இல்லாத குரலில். "அம்மா பாக்குறாங்க."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.